நாலாவது துளை

கிணற்றடியில் ஐந்து பேர் இருந்தோம். நான். என் மனைவி. பக்கத்துத் தோட்டக்காரரான அவளுடைய அண்ணன். உள்ளே, சைடு போர் போடுகிறவர். அவருடைய கூட்டாளி.

உத்தமபாளையத்துக்கு மேற்கே மேட்டு நிலம். வாய்க்கால் தண்ணீர் அங்கே ஏறாது. எண்பதுக்குப் பிறகு இரண்டு வருஷம் மழை சரியில்லை. என் கிணற்றில் ஒரு குடம் முங்கத் தண்ணீர் கிடையாது. முந்நூறு வாழை, தார் தள்ளுகிற பருவம். பத்து நாள் தாங்கினால் அதிகம்.

சைடு போர் என்றால் கிணற்றின் அடியில் நின்று பாறையைப் படுக்கைவசமாகத் துளைப்பது. மூன்று பக்கம் துளைத்தாயிற்று. கறுப்புக் கல். மாவாக வந்தது. ஈரம் இல்லை.

போர்க்காரர் அண்ணாந்து கேட்டார். "கெழக்கு ஒண்ணுதான் பாக்கி. போடவா?"

கிழக்கே மச்சானின் கிணறு. கூப்பிடு தூரம்கூட இல்லை. அதில் நான்கு படி முங்கத் தண்ணீர் இருந்தது. நான் மச்சானைப் பார்த்தேன்.

துளையிடும் இரும்பு ராடுகளை இறக்கும் கயிற்றை மச்சான்தான் பிடித்திருந்தார். "போடச் சொல்லு மாப்ள. ஒம் போரு என்ன, பாறைக்குள்ள நடந்து வந்து எந்தண்ணியக் குடிச்சிட்டா போகப் போகுது?"

மனைவி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பத்தாவது ராடில் தண்ணீர் பீறிட்டது. போர்க்காரர் நனைந்துகொண்டே கூட்டாளியைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, வெடிப்பு சிக்கிருச்சுடா!"

அன்றே மோட்டாரைப் போட்டேன். நிறுத்தவில்லை. முந்நூறும் நனைந்தது.

மூன்றாம் நாள் காலையில் மச்சான் வந்து கூட்டிப்போய்த் தன் கிணற்றைக் காட்டினார். நான்கு படியும் காய்ந்து கிடந்தது. அடிச்சேற்றில் ஒரு தவளை.

"ரெண்டுக்கும் ஒரே வெடிப்பு மாப்ள. நாந்தான் கயித்தப் பிடிச்சேன்."

அவருக்கு வாழை நானூறு.

வீட்டில் மனைவி சோறு போடவில்லை. "எங்கண்ணன் ஒரு வார்த்த வையாம போயிட்டாக. அதுதான் எனக்குத் தாங்கல. அடச்சிருங்க."

வேப்பங்கட்டையைச் சீவினேன். சாக்கைச் சுற்றி, கிணற்றில் இறங்கி, நாலாவது துளையில் சம்மட்டியால் அடித்து இறுக்கினேன். தண்ணீர் நின்றது. ஒரு வாரம் பார்த்தோம். அவர் கிணறு ஒரு படிகூட ஏறவில்லை. பாறைக்குள் இருந்ததே அவ்வளவுதான். அதை நான் இறைத்துவிட்டேன்.

எட்டாம் நாள் மச்சானே என் கிணற்றில் இறங்கிக் கட்டையைப் பிடுங்கினார். "ஒருத்தராச்சும் பொழைப்போம்."

நூல் மாதிரி வடிந்தது. மத்தியானத்துக்குள் அதுவும் நின்றது.

இரண்டு தோட்டத்தையும் சேர்ந்தே வெட்டினோம். எழுநூறு மரத்தில் தேறிய தார் பதினொன்று.