மூன்று கோடு போட்ட சைலன்சர்

1. குனிந்தவர் நிமிரவில்லை

என் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போயிருந்தேன். பதினைந்து வருடம் தாண்டிய காரை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பாஸ் வாங்கினால்தான் மறுபடி ஐந்து வருடம் ஓட்டலாம். முதல் ஐந்து வருடம் ஓட்டி முடித்து, இது இரண்டாவது முறை. பாஸ் ஆகாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது, காயலாங்கடைக்குத்தான் போக வேண்டும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். லைட், பிரேக், சேஸ் நம்பர் எல்லாம் பார்த்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். செல்போன் டார்ச்சை அடித்துச் சைலன்சரின் உள்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"இது யாரோட சைலன்சர்?" என்றார், குனிந்தபடியே.

"வண்டியோட வந்த சைலன்சர் மேடம்" என்றேன்.

அது சத்தியமான உண்மை. அந்த உண்மை எனக்கு ஏன் உதவவில்லை என்பதைத்தான் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

2. சத்தம் கேட்டு வந்த வினை

வில்லாபுரத்தில் எனக்குச் சைலன்சர் கடை. முப்பது வருடமாக வெல்டிங் ராடும் கையுமாக இருக்கிறேன். ஆரம்பத்தில் டிராக்டர், லாரி, வேன். ஓட்டை விழுந்தால் ஒட்டுவேன், ஒட்ட முடியாவிட்டால் புதிதாகச் செய்வேன். சத்தத்தை அடைப்பதுதான் வேலை.

ஒருநாள் ஜவுளிக்கடை சரவணன் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய சிட்டி மாடல், வேகம் ஏறினால் குணம் மாறும் விடெக் என்ஜின். "அண்ணே, சத்தம் கம்மியா இருக்கு. கூட்டணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் சத்தம் கம்மி என்று குறை சொல்லி யாரும் வந்ததில்லை.

கம்பெனிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, என்ஜினிலிருந்து வால்வரை பெரிய பைப் போட்டு, நேராகப் புகை போகிற மாதிரி ஒரு டப்பா வைத்துக் கொடுத்தேன். ஃப்ரீ ஃப்ளோ என்பார்கள். சரவணன் என்னையும் ஏற்றிக்கொண்டு மேலூர் ரோட்டுக்குப் போனார். ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச் சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தார். ஐயாயிரம் ஆர்.பி.எம். வாக்கில் அந்த என்ஜினுக்குள் வால்வைத் திறக்கும் கேம் மாறும். அதுவரை உறுமிக்கொண்டிருந்தது திடீரென்று குரலை மாற்றிக் கத்தியது. சீட்டோடு சேர்த்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிய மாதிரி இருந்தது.

"எப்பூடி?" என்றார் சரவணன்.

"இன்னொரு தடவ மிதிங்க" என்றேன்.

அந்த வருடமே எனக்கும் ஒரு பழைய விடெக் வாங்கிவிட்டேன். கறுப்பு. என் மனைவி செல்வி வாசலிலேயே நின்று பார்த்தாள். "ஏங்க, இதுல ஏறி எறங்குறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிரும் போல. நாம என்ன ரேசுக்கா போறோம்?" என்றாள். பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு அதில் போனால், நாங்கள் கள்ளுப்பட்டி தாண்டும்போதே என் தம்பி உலை வைக்கச் சொல்லிவிடுவானாம். சத்தம் அப்படி. எனக்கு அதில் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அப்புறம் கடைக்கு விடெக் வண்டிகளாக வந்தன. என்ஜின் வாயில் மாட்டும் ஹெடர் குழாய், பெரிய பைப், ஃப்ரீ ஃப்ளோ. "பழச என்னண்ணே செய்ய?" என்று கேட்பார்கள். "கெடக்கட்டும் இங்கயே" என்பேன். மூலையில் குவியும். காயலாங்கடை வண்டி வரும்போது எடுத்துப் போட்டுவிடுவேன். எத்தனை போட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. என் வண்டியில் கழற்றியது மட்டும் தப்பியது. கடைத் தரை ஒருபக்கம் இறக்கம், ஒர்க் பெஞ்ச் ஆடும். ஆடும் காலுக்கு அதை முட்டுக் கொடுத்திருந்தேன்.

3. ஒரு நாளைக்குத்தானே

என் வண்டியின் முதல் காட்டல் தொந்தரவில்லாமல் முடிந்துவிட்டது. முட்டுக் கொடுத்திருந்த சைலன்சரைக் கழுவி மாட்டிக்கொண்டு போனேன், பாஸ் ஆகி வந்தேன், திரும்பவும் பெஞ்சுக்கடியில் வைத்தேன்.

அடுத்த சில வருடத்தில் மற்ற வண்டிகளுக்கும் முறை வந்தது. சரவணன்தான் முதலில் வந்தார். "அண்ணே, இந்தச் சத்தத்தோட போனா வெரட்டி விட்ருவாங்க. என் பழைய சைலன்சர் எங்க?"

எங்கே என்று சொல்வது? உருக்கிக் கம்பியாக்கி எந்த வீட்டுத் தளத்தில் கிடக்கிறதோ. பெஞ்சுக்கடியில் இருந்த என் சைலன்சரை உருவினேன். இரண்டு நட்டு, இரண்டு ரப்பர், நடுவில் பைப் அளவு மாற்றும் ஒரு ஃபிளேஞ்ச். அரை மணி நேர வேலை. அனுப்பும்போது ஒரு வசனமும் சொல்லிக் கொடுத்தேன்: "கேட்டா, வண்டியோட வந்த சைலன்சர்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல வாயத் தெறக்காதீங்க."

பாஸ் ஆனது. மாலையில் கழற்றிக்கொண்டேன்.

சில மாதம் கழித்துச் செல்போன் கடை ரபீக் பாய் வந்தார். அதே சைலன்சர், அதே வசனம். பிறகு ஒத்தக்கடையில் காலேஜ் வாத்தியாராக இருக்கும் பிரபு சார். அவருக்கும் அதே. ரபீக் பாய் கிண்டலடிப்பார்: "அண்ணே, கல்யாணத்துக்குக் கல்யாணம் எரவல் நகை குடுக்குற மாதிரியில்ல இருக்கு!" எல்லோரும் சிரிப்போம். மூன்று தடவையும் மாட்டியது நான், கழற்றியது நான். கடைசியில் என் வண்டியின் முறை வந்ததும் அதையே எனக்கும் மாட்டிக்கொண்டேன். ஆனால் மாட்டும்போது என் கண் நட்டை மட்டும்தான் பார்க்கும். உள்பக்கத்தில், பெட்ரோல் டேங்கைப் பார்த்த மாதிரி இருக்கும் ஓரத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த இன்ஸ்பெக்டர் அம்மா பார்த்திருக்கிறார்.

4. மஞ்சள் பேனா

"இங்க வந்து பாருங்க" என்றார். மண்டியிட்டுப் பார்த்தேன். டயர் கடையில் நம்பர் எழுதும் மஞ்சள் பெயின்ட் பேனாவால், வரிசையாக மூன்று சின்னக் கோடு.

"மொதல் வண்டி வந்தப்ப, சைலன்சர் துருப்பிடிச்சிருந்துச்சு, நட்டு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. சந்தேகப்பட்டு ஒரு கோடு போட்டேன். ரெண்டாவது வண்டியில என் கோட்ட நானே பாத்தேன். வித்திருப்பாங்க, இவரு வாங்கியிருப்பாருன்னு நெனச்சேன். மூணாவதுலயும் அதே வந்துச்சு. கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. இப்ப நாலாவதா நீங்க வந்திருக்கீங்க."

"மேடம், இது நெசமாவே என் வண்டியோடதுதான். அவங்களுக்கு நாந்தான் எரவல் குடுத்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை.

"மூணு பேரும் இதே வார்த்தையத்தான் சொன்னாங்க. வண்டியோட வந்த சைலன்சர்னு. ஒரு எழுத்து மாறல."

நான் எழுதிக் கொடுத்த வசனம் ஆயிற்றே, எப்படி மாறும்? சைலன்சரில் நம்பர் கிடையாது, என்னிடம் பில் கிடையாது. எந்த வண்டிக்குச் சொந்தமில்லையோ அந்த மூன்று வண்டியும் பாஸ். எதற்குச் சொந்தமோ அது ஃபெயில். வயிற்றெரிச்சலாக இருந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"மூணு வண்டி நம்பரும் என்கிட்ட இருக்கு" என்றார். "அம்புட்டையும் திரும்பக் கூப்பிடப் போறேன்."

"ஏழு நாள் குடுங்க மேடம். நாலு வண்டியையும் நானே கொண்டாரேன். சத்தம் இல்லாம கொண்டாரேன்."

"இந்த ஒரு சைலன்சர வச்சா?"

"இல்ல மேடம். நாலுக்கும் நாலு."

என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்தார். "ஏழு நாள்" என்றார்.

5. சத்தமில்லாமல் செய்வது

அந்த மாடலுக்குச் சைலன்சர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று பார்ட்ஸ் கடைகளில் கைவிரித்தார்கள். காயலாங்கடைக்குப் போனேன். கடைக்காரர், "நீ போட்டதெல்லாம் போட்ட வாரமே போயிருச்சேப்பா" என்றார். ஆக, நானே மூன்று செய்ய வேண்டும்.

சத்தம் போடும் சைலன்சர் செய்ய மூளை வேண்டாம், பைப் இருந்தால் போதும். அடங்கி ஓடும் சைலன்சர் அப்படியில்லை. புகையை உள்ளே திருப்பித் திருப்பிக் களைக்க வைத்து அனுப்ப வேண்டும். அதிகம் திருப்பினால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். முதலில் செய்ததை என் வண்டியில் மாட்டி ஓட்டினேன். சத்தமே இல்லை. ஆனால் நாலாயிரத்துக்கு மேல் ஏறவும் இல்லை. கள்ளிச்செடியில் மாட்டிய வேட்டி மாதிரி அங்கேயே நின்றது. வெட்டிப் பிரித்தேன். தடுப்புத் தகட்டில் ஒன்றை எடுத்தேன், ஓட்டைக் குழாயை நீளமாக்கினேன், கண்ணாடிப் பஞ்சை மாற்றினேன். நாலாம் நாள்தான் சரியாக வந்தது.

ஓட்டிப் பார்க்கச் செல்வியையும் கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏறினாள். ரிங் ரோட்டில் ஏறித் திருமங்கலம் வரை போனோம். வழியெல்லாம் அவள் தங்கை வீட்டு விசேஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் "உம்" கொட்டினேன். சட்டென்று நிறுத்தி, "ஏங்க, இந்தக் காருக்குள்ள இத்தன வருசமா நான் பேசுறேன். இன்னைக்குத்தான் உம் கொட்டுறீங்க" என்றாள்.

ஐயாயிரத்தில் என்ஜின் குரல் மாறியது இப்போது காதுக்கு எட்டவில்லை, முதுகுக்கு மட்டும் தெரிந்தது. எனக்கு அது வருத்தம்தான். மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது.

சரவணனும் ரபீக் பாயும் சொன்னவுடன் வந்து மாட்டிக்கொண்டார்கள். கூலி கேட்கவில்லை, கேட்கும் முகம் எனக்கு இல்லை. பிரபு சார் மட்டும் போனில் ஒத்துக்கொள்ளவில்லை.

"சத்தம் இல்லாட்டி அது எதுக்குண்ணே விடெக்? இத எனக்குச் சொன்னதே நீங்கதான்."

"சொன்னேன் சார். மனசாரத்தான் சொன்னேன். உங்க பழைய சைலன்சர காயலாங்கடைக்குப் போட்டவனும் நாந்தான். நீங்க வரலைன்னா என் வண்டியும் நிக்கும்."

"யோசிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார். அவருக்குச் செய்த சைலன்சரைக் கடை வாசலில் வைத்துவிட்டுத்தான் ஆறாம் நாள் வீட்டுக்குப் போனேன்.

6. ஏழாம் நாள்

காலையில் கடைக்கு வந்தால், பிரபு சார் வண்டி வாசலில் நின்றது. அவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. "மாட்டுங்க" என்று சைகை காட்டினார். மாட்டினேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான்கு விடெக்கும் வரிசையாக நின்றன. இன்ஸ்பெக்டர் அம்மா ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சரவணன் வண்டியின் பின்னால் குனிந்தார். புதுத் தகடு, என் வெல்டிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்து ரபீக் பாய். அடுத்து பிரபு சார். மூன்றிலும் புதுச் சைலன்சர், மூன்றும் வாயடங்கி நின்றன.

கடைசியாக என் வண்டி. அதில் நான் புதிதாக எதையும் மாட்டவில்லை. அதே பழைய சைலன்சர், அதே மூன்று கோடு. அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது யாரோட சைலன்சர்?"

"வண்டியோட வந்த சைலன்சர் மேடம்."

அவர் எழுந்து, முன்னால் நின்ற மூன்று வண்டியையும் ஒருமுறை பார்த்தார். இனி இதை இரவல் கேட்க அங்கே ஆள் இல்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்தார். போச்சு, நாலாவது கோடு என்று நினைத்தேன். மறுபடி குனிந்து ஏதோ செய்துவிட்டு, பேப்பரில் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார்.

"இனிமே கழட்டாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். மூன்று கோட்டையும் குறுக்கே ஒரே கோடு இழுத்து அடித்திருந்தார்.

இப்போதும் விடெக் பிள்ளைகள் சத்தம் கேட்டு வருகிறார்கள். கழற்றுகிற சைலன்சரில் வண்டி நம்பரை எழுதிச் சொந்தக்காரர் டிக்கியில் நானே ஏற்றிவிடுகிறேன். காட்டலுக்கு ஒரு நாள் இரவல் கேட்டால் கொடுப்பதில்லை. "என்னண்ணே, ஒரு பழைய இரும்புக்கு இம்புட்டு கிராக்கியா?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். இரும்பு போனால் நானே இன்னொன்று செய்துவிடுவேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை. அதை ஏற்கெனவே மூன்று பேருக்கு இரவல் கொடுத்திருந்தேன்.