வெள்ளிமலைக்குப் பேருந்து இல்லை

என் மனைவிக்கு வெள்ளிமலையில் பள்ளிக்கூட வேலை. ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கணினி பார்க்கிறேன். காலையில் அவள் மலையேறுவாள், மாலையில் இறங்குவாள். ஏறுவதில் சிக்கலில்லை, பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஏதாவது ஒரு வண்டி கிடைத்துவிடும். இறங்குவதுதான் பெரும்பாடு. ஐந்து மணி வண்டி சில நாள் நாலே முக்காலுக்கே கிளம்பிவிடும், சில நாள் வரவே வராது. அதை விட்டால் ஜீப்பில் யாராவது இடம் கொடுத்தால்தான் உண்டு.

மூன்றாவது முறையாக வண்டியைத் தவறவிட்டு, அங்கே ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டு மறுநாள் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"இதாங்க கடைசி. இன்னொரு வாட்டி பஸ்ஸ வுட்டேன்னா அங்கயே ரூம் எடுத்துடுவேன். திங்கக்கெழம போயி வெள்ளிக்கெழம வரேன். நீங்க பாட்டுக்கு இங்க இருந்துக்கோங்க."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதுதான். வாரத்தில் நாலு நாள் அது இருக்காது என்று நினைத்ததுமே எனக்குப் பகீரென்றது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "பஸ் டைமுக்கு நான் ஒரு வெப் பக்கம் செஞ்சித் தரேன்" என்றேன். எதற்கெடுத்தாலும் என்னிடம் இருக்கும் பதில் அது ஒன்றுதான்.

யோசனை மோசமில்லை. அந்தப் பக்கத்தில் எல்லா வண்டிகளின் நேரமும் இருக்கும். நர்ஸம்மா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வெள்ளிமலை பஸ் ஸ்டாப் தெரியும். வண்டி எப்போது கிளம்பினாலும், வராமல் போனாலும் அவர் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நேரப் பட்டியலை, அச்சுக்கடை வைத்திருக்கும் என் நண்பன் கொடுத்தான். காலண்டருக்காக எப்போதோ அவனே தட்டச்சு செய்தது. பழைய எழுத்துருவில் இருந்ததால், இப்போதைய எழுத்துக்கு மாற்றுகிற ஒரு இலவசக் கருவியில் போட்டு எடுத்தேன். ஒரு நொடி வேலை.

அடுத்து எழுத்துரு. அதில்தான் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வளைவெல்லாம் வழுவழுவென்று இருக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து இணைத்தேன். கல்லூரிக் கணினியில் பார்த்தால் பேருந்து நேரமே கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. மலையிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"வெள்ளை வெளேர்னு இருக்குதுங்க. ஒரு எழுத்தையும் காணோம்."

"ஒன் போன் பழசு" என்றேன்.

"எல்லாரு போன்லயும் அப்படித்தாங்க இருக்குது. எல்லாரும் பழசா?"

என்னுடைய அழகான எழுத்துரு ஒவ்வொரு போனுக்கும் இறங்கி வந்தால்தான் எழுத்து தெரியும். வெள்ளிமலையில் சிக்னல் ஒரு கோடு. மழை வந்தால் அதுவும் கிடையாது. எழுத்துரு வந்து சேர்வதற்குள் பஸ்ஸே போய்விடும். ஆசைப்பட்டதை மனசில்லாமல் தூக்கிவிட்டு, அவரவர் கருவியில் ஏற்கெனவே இருக்கிற எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும்படி ஒரு பட்டியல் எழுதினேன். இது இருந்தால் இது, இல்லையென்றால் அது, அதுவும் இல்லாவிட்டால் எது இருக்கிறதோ அது. எந்தக் கணினியில் எது இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல லதா. லதா இல்லாத எடத்துல நிர்மலா. ரெண்டு பேரும் இல்லன்னா, இருக்கறத வச்சி சமாளிச்சிக்கலாம்" என்று நான் சொன்னதும், சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"யாருங்க அது லதா?"

எழுத்துருவின் பெயர் என்று விளக்கினேன். நிர்மலாவும் அப்படித்தான் என்றேன்.

"ஒன்னு பத்தாதா ஒங்களுக்கு?"

"எல்லார் வூட்டுலயும் ஒரே ஆளா இருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட, "லதா வூட்டுலேர்ந்து வரீங்களா, நிர்மலா வூட்டுலேர்ந்தா?" என்றுதான் கேட்பாள். லதா பாவம், மலையில் ஒருத்தர் போனிலும் இல்லை. அங்கே எல்லோரும் போனோடு வந்த எழுத்தில்தான் படித்தார்கள். பக்கம் மட்டும் தொட்டவுடன் திறந்தது.

ஆனால் நர்ஸம்மாவின் போனில் ஒரு தொல்லை. சில சொற்களின் நடுவே புள்ளிபுள்ளியாக ஒரு சின்ன வட்டம் வந்து, அதன் தலையில் மெய்யெழுத்துப் புள்ளி தனியாக உட்கார்ந்திருந்தது. என் கணினியில் அப்படி இல்லை. மனைவியின் போனிலும் இல்லை. எழுத்துருவின் கோளாறுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பட்டியலில் முன்னது பின்னதாக மாற்றினேன், எழுத்தின் அளவைக் கூட்டினேன், குறைத்தேன். இரண்டு வாரம் ஓடியது. வட்டம் அசையவில்லை. அது எந்தெந்தச் சொற்களில் வருகிறது என்று மட்டும் நான் பார்க்கவே இல்லை.

போதாக்குறைக்கு ஒரு தேடல் பெட்டியும் வைத்தேன். ஊர்ப்பெயரை அடித்தால் அந்த ஊர் வண்டிகள் மட்டும் வரும். கச்சிராயபாளையம் அடித்தேன், வந்தது. கரியாலூர், சேராப்பட்டு, எல்லாம் வந்தன. வெள்ளிமலையை அடித்துப் பார்க்கவில்லை. பக்கமே அதற்காகத்தானே, அது எப்படி வராமல் போகும்?

அந்த வியாழக்கிழமை மலையில் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டதும் மனைவி நர்ஸம்மா வீட்டுக்கு ஓடி, போனில் வெள்ளிமலை என்று அடித்திருக்கிறாள். பேருந்து இல்லை என்று வந்திருக்கிறது. சரி என்று நம்பி உட்கார்ந்து, டீ குடித்திருக்கிறாள். என் போன் அடித்தது.

"ஒங்க பக்கத்துல பஸ்ஸு இல்லீங்க. ரோட்டுல போயிக்கினு இருக்குது. ஜன்னல்ல பாத்துக்கினு இருக்கறேன்."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில், சொன்னபடியே மலையில் ரூம் எடுத்துத் தங்க, துணிப்பையோடு தன் தலையணையையும் எடுத்துக்கொண்டாள். இலவம்பஞ்சுத் தலையணை, அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. துணியை எடுத்துப் போனால் நாலு நாள் கணக்கு. தலையணை போனால் வேறு. கச்சிராயபாளையம் வழி வண்டியில் ஜன்னலோரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் நண்பன், "தலகாணியே மலையேறிப் போச்சா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலு நாளும் ஓட்டல் இட்லியைத் தின்றுவிட்டு, பேச ஆளில்லாமல் டிவியோடு சண்டை போட்டேன். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை இரவு வெறும் துணிப்பையோடு வந்தாள், தலையணை மலையிலேயே தங்கிவிட்டது. சனிக்கிழமை காலை, காபியும் கையுமாக அவள் என் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். தன் போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, என் போன்ல இந்த 'ள' மட்டும் இன்னா இவ்ளோ சின்னதா இருக்குது?"

"எழுத்துரு அப்படி."

"பக்கத்து 'ளி' பெருசாத்தான இருக்குது? இது ள இல்லீங்க. ஔவுக்குப் போடறது. வௌவால்ல வர்ற வௌ."

நான் கர்சரை வெள்ளிமலை என்ற அந்தச் சொல்லுக்குள் கொண்டுபோனேன். 'வெ'க்கும் 'ள'வுக்கும் நடுவில் அது நுழையவில்லை. இரண்டையும் ஒரே எழுத்தாகத் தாண்டிக் குதித்தது. பழைய எழுத்துருவில் ள-வுக்கும் ஔவின் குறிக்கும் ஒரே ள தான். மாற்றுகிற கருவி கொம்பையும் வ-வையும் ள-வையும் வரிசையாகப் பார்த்ததும் ஒட்டி வௌ ஆக்கிவிட்டது. மிஞ்சிய புள்ளி உட்கார இடமில்லாமல் நர்ஸம்மாவின் போனில் வட்டம் போட்டுக்கொண்டது. நம் கண் அதை வெள்ளிமலை என்றே படிக்கும். தேடுகிற பெட்டிக்கு அது வேறு ஊர். 'திங்கள் முதல் வெள்ளி வரை' என்ற வரியிலும் அதே கூத்து.

"எங்க கிளாஸ்ல தலைகீழா செய்வாங்க. வௌவாலக் காட்டுனா வெ-ள-வா-ல்னு படிப்பாங்க. நீங்க வெள்ளிமலைக்கே வௌவால வுட்டுட்டீங்க" என்று அவள் சிரித்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதமாக எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், எழுத்தைப் பார்க்காமல். வெள்ளிமலையையும் வெள்ளியையும் என் கையாலேயே புதிதாக அடித்தேன். பெட்டியில் அவள் வெள்ளிமலை என்று தேடினாள். ஐந்து மணி வண்டி வந்து நின்றது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். ரூமைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை துணிப்பையோடு போனாள். அன்று மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஐந்து மணி வண்டி கிளம்பிவிட்டதாக நர்ஸம்மா அழுத்தியிருந்தார். அதில் யார் ஏறியிருக்கிறார்கள் என்று காட்ட என்னிடம் பொத்தான் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் வண்டி உள்ளே வந்தது. முன்பக்கப் படியில் முதலில் தலையணைதான் தெரிந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளில் துணிப்பையோடு அவள் இறங்கினாள். இதென்ன என்று நான் கேட்பதற்குள் அதை என் கையில் திணித்தாள்.

"பஸ்ஸு இருக்குதுன்னு போட்டிருந்துச்சுங்க. வந்துட்டேன்."