வடக்கு ஜன்னலில் வந்த வெயில்

1. காவல்

1991 வைகாசியில், ஓர் ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக மதியச் சாப்பாட்டை விட்டேன். சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாக ஆரம்பித்த சின்ன கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். கிரைண்டிங் முடிந்து வரும் ஷாஃப்ட்டை, அதாவது இரும்புத் தண்டை, அளந்து பாஸ், ரிஜெக்ட் என்று டேக் கட்டுவது என் வேலை. நான் கட்டிய டேக்கை எமன் வந்தாலும் மாற்ற முடியாது என்ற தலைக்கனம் வேறு.

பிடிக்க வேண்டிய ஆள் கிரைண்டர் ஆபரேட்டர் தனசேகர், உள்ளூர்க்காரர், ப்ரொபேஷனில் இருந்தார். பதினொன்றரை மணிக்கு அவர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போகும் ட்ரேயில் இருப்பவற்றை, நான் சாப்பாடு முடித்து வந்து அளந்தால், பத்து நாளாக ஐந்தாறு மைக்ரான் ஓவர்சைஸ்; மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். ரிஜெக்ட் செய்வேன். மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் அளந்தால் எல்லா பீஸும் சரியாக இருக்கும்.

"நைட் ஷிஃப்ட்ல ஆளை வச்சு பீஸை மாத்திடறான்யா," என்றார் மேனேஜர். "இன்னிக்கும் இப்படியே ஆச்சுன்னா ஆளை வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

அன்று ட்ரேயை வைத்ததும் தனசேகர் போகாமல் என் மேஜை முன்னால் நின்றார். "நான் வச்சதுலேர்ந்து நீங்க அளக்குற வரிக்கும் இங்கியே குந்திக்கினு பாருங்க சார். வூட்ல பொண்டாட்டி நெறமாசமா கீது. வேல போச்சுன்னா இன்னா பண்ணுவேன்?"

அவர் எதிரிலேயே ஒரு பீஸை அளந்தேன். சரியாக இருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2. திருடன்

எங்கள் ஷெட் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வர, பல்லின் வடக்கு முகத்தில் கண்ணாடி. மற்ற இடங்களில் பால் கண்ணாடி, என் மேஜைக்கு மேலே மட்டும் தெளிந்த கண்ணாடி. கம்பெனி திறந்த தை மாதத்தில் அதில் பொட்டு வெயில் வந்ததில்லை. வடக்கே ஏது சூரியன்?

பன்னிரண்டு மணி சுமாருக்கு அந்தக் கண்ணாடி வழியாக ஓரடி அகல வெயில் பட்டை ஒன்று இறங்கி, நகர்ந்து வந்து, ட்ரே மேல் ஏறி உட்கார்ந்தது. வேறு யாரும் வரவில்லை. எப்போதும் போட்டிருக்கும் பருத்திக் கையுறையைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைத் தொட்டேன். சுட்டது. அளந்தேன். ஆறு மைக்ரான் கூடுதல். சூட்டில் இரும்பு வீங்கும் என்று படித்தவன்தான் நான். ஒப்பிட்டு அளக்கும் மாஸ்டர் பீஸோ நிழலில், பெட்டிக்குள் சுகமாக இருந்தது.

வெளியே ஓடினேன். உச்சி வெயிலில் என் நிழல் ஓரடி நீளத்துக்குத் தெற்கே விழுந்து கிடந்தது. தெற்கே! முப்பத்திநாலு வயது வரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

பூமி இருபத்திமூன்றரை டிகிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. பங்குனியில் இரவும் பகலும் சமமாகும் நாளில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. பிறகு வடக்கே ஏறி, சித்திரை பத்து வாக்கில் நம் உச்சந்தலைக்கு வந்து, நம்மையும் தாண்டிப் போய், ஆனியில் திரும்பி, ஆவணி பிறக்கும்போது மறுபடி நம் தலைக்கு மேலே வந்து, புரட்டாசியில் பூமத்திய ரேகையைக் கடந்து தெற்கே போகிறது. வெயில் காலம், பனிக்காலம் எல்லாம் அந்தச் சாய்வால்தான். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். அவ்வளவு பெரிய உருண்டையின் சாய்வு என் மேஜைவரை வந்து, ஒருவர் சோற்றில் மண் போடப் பார்க்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்த வெயிலில் வாய் பிளந்து அப்படியே நின்றேன்.

3. ரிப்போர்ட்

மேனேஜர் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் நிழலையே காட்டினேன். குனிந்து அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரிப்போர்ட்ல யார் தப்புன்னுய்யா எழுதறது? சூரியன் தப்புன்னா?"

"என் தப்புன்னு எழுதுங்க சார்," என்றேன்.

மேஜையை நகர்த்தினோம். பீஸும் மாஸ்டரும் ஒரே நிழலில் ஒரு மணி நேரம் இருந்த பிறகுதான் அளப்பது என்று ஆனது. தனசேகரிடம் மன்னிப்புக் கேட்கும்போது நிழல் அதிசயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வைகாசில உச்சி நெழலு தெக்கால உழும்னு எங்க ஊர்ல நாத்து நடுறவங்களுக்கே தெரியும் சார். வச்ச எடத்துல வெயிலு வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும், அதால அளவு மாறும்னுதான் தெரியல. பத்து நாளா என்னிய திருடன்னீங்களே, நீங்க சாப்புடப் போனப்போ ட்ரே மேல இன்னா பட்டுச்சுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அளக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்: டேக் கட்டும் முன் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.