முப்பாட்டன் சாபமும் என் தங்கையும்

சென்ற ஜூன் மாதத்து என் நாட்குறிப்பு: “எஸ்தருக்கு மார்பில் கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று.”

எஸ்தர் என் தங்கை. போடியில் ஏலக்காய்க் கடை நடத்துகிறாள். முன்னோர் செய்த பாவத்தின் சாபம்தான் நோயாக வந்திருக்கிறது, அதை ஜெபித்து முறித்த பிறகுதான் அறுவை என்று அவள் கணவர் பிடிவாதமாக நின்றார். குடும்ப வரலாறு எழுதுகிறவன் என்பதால் அது யாரால் வந்த சாபம் என்று தேடும் வேலை எனக்கு வந்தது. எங்கள் முப்பாட்டன் பொய்ச்சத்தியம் செய்தவர் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அதை அவளிடம் சொன்னேன்.

“ஏண்ணே, அவரு ஒனக்கும் முப்பாட்டன்தானே? ஒனக்கு ஒரு கொப்புளங்கூட வரலையே!” என்று சிரித்தாள். “நான் ஆண்டவரோட பிள்ளை. அவரு சொத்துக்குத்தான் வாரிசு, முப்பாட்டன் சாபத்துக்கு இல்ல. இயேசப்பா பாடுபட்டாக, நானும் கூடச் சேந்து படுறேன். நீ ஆசுபத்திரிக்குக் கார் சொல்லு.”

அவள் உறுதியைக் கண்டு கணவரும் இணங்க, குறித்த நாளிலேயே அறுவை நடந்தது. தள்ளிப்போட்டிருந்தால் பரவியிருக்கும் என்றார் மருத்துவர்.

இப்போது யாருக்கு நோய் என்றாலும் நான் வம்சத்தை விசாரிப்பதில்லை. துணைக்கு வரட்டுமா என்று கேட்கிறேன். முப்பாட்டன் பொய்ச்சத்தியம் செய்தாரா என்பதை இன்றுவரை சரிபார்க்கவில்லை.