பிடிகொடுக்காத பேர்ச் மரங்கள்

முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் வேலை செய்த ஞானேஸ்வரி, நாற்பது வயதுக்குப் பிறகு உயிரியல் படித்துக் காட்டு மர ஆய்வில் சேர்ந்தாள். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் நின்ற, வெள்ளைப் பட்டை கொண்ட பேர்ச் மரங்களை இரண்டு இனங்களாகப் பிரிப்பது அவள் வேலை. இளங்கிளையில் மெல்லிய மயிர் இருந்தால் ஓர் இனம். சின்னப் பருக்கள் இருந்தால் மற்றது.

ஒரு மரம் அவளை வாட்டி வதைத்தது. அதன் மேல்கிளைகளில் பருக்கள், கீழ்க்கிளைகளில் மயிர்.

"இஞ்சை பாருங்கோ! மேலை ஒரு மரம், கீழை இன்னொரு மரம்!" என்று துணைக்கு வந்திருந்த கணவன் இரத்தினசிங்கத்திடம் கத்தினாள்.

"ஏதோ ஒண்டைப் போட்டுட்டு வாருமப்பா, குளிருது."

"என்ரை விருப்பத்துக்குப் போடேலாது!"

அந்த மரத்தின் இலையையும், ஒப்பிட்டுப் பார்க்க, மயிர் மட்டுமே இருந்ததால் சந்தேகமே இல்லாத பக்கத்து மரத்தின் இலையையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். அவளை வதைத்த மரம் இரண்டு இனமும் கலந்தது என்று முடிவு வந்தது. அவள் நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள் அடுத்த வரியைப் படித்தாள். பக்கத்து மரமும் கலப்பினம்தான்.

"அப்ப இனி?" என்றான் இரத்தினசிங்கம்.

"இனியென்ன, பிரிச்ச அவ்வளவு மரத்தையும் திரும்பச் சோதிக்கவேணும்," என்று சிடுசிடுத்தபடி ஞானேஸ்வரி மழைச் சப்பாத்தை மாட்டினாள்.