அத்தான் குரலுக்கு ஒரு பிளேயர்

எங்கள் வீட்டுக் கணினி மனித வயதுக் கணக்கில் என்னைவிட மூத்தது. அது சாகாமலிருக்க, என்னோடு ஈப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். போன வாரம் அதற்குத் தோதான, எடை குறைந்த ஒரு பிளேயர் தேட உட்கார்ந்தேன். பாட்டுக் கேட்க அல்ல. பாகான் டத்தோவிலிருக்கும் அக்காவுக்கு, காலமான அத்தானின் குரல் கேட்க வேண்டுமாம்.

"ஒரு தடவ கேட்டா போதும்டா தம்பி. ஞாயித்துக்கெழம வாரேன்."

காலமெல்லாம் அரசாங்கக் கோப்பு பார்த்தவன் நான். கட்டம் போட்ட தாளில் பிளேயர்களை எழுதி, எது எவ்வளவு நினைவகம் தின்னும் என்று மதிப்பெண் போட்டேன். முதலாவது, அத்தானின் குரல் கோப்பைத் திறக்க மறுத்தது. இரண்டாவது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுத்தது. மூன்றாவது ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் பாதிப் பேர் அந்த ரகம்.

அந்தக் குரல் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு வாசனை இருந்தது. அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தாள். வேறு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த அத்தானுக்கு எழுத வராது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் டேப்ரெக்கார்டர் இரவல் வாங்கிப் பேசி, ரப்பர் லாரியில் கேசட்டைக் கொடுத்தனுப்பினார். பிரித்ததும் ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகை வாசம் வீடெல்லாம் அடித்தது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அக்கா மட்டும் வெட்கப்பட்டு அடுப்படியில் நின்று கேட்டாள்.

கேசட்டில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும் கடையில் கொடுத்து சிடியாக மாற்றிவிட்டு, கேசட்டை எறிந்துவிட்டேன். பிறகு அதையும் கணினியில் மூன்று இடத்தில் நகலெடுத்தேன். நகல் சரிபார்க்கப்பட்டால் மூலத்தை அழிக்கலாம் என்பது அலுவலக விதி. சரிபார்த்தேன், அத்தான் பேசினார். சிடியை இரண்டாக உடைத்துப் போட்டேன்.

சனிக்கிழமை நண்பர் வந்து பார்த்தார்.

"மச்சான், பிளேயர் மேல குத்தமில்ல லா. இதுல குரலே இல்ல. சிடில குரல் எங்க இருக்குன்னு காட்டுற சீட்டுதான் இது."

"அன்னிக்குப் பேசிச்சே?"

"அப்ப சிடி உள்ள இருந்திருக்கும். இப்ப எங்க?"

"உடைச்சிட்டேன்."

"எதுக்கு லா?"

விதியைச் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"அவரு என்ன பேசினாருன்னு நீயாச்சும் சொல்லேன்."

எனக்கு மனப்பாடம். ஒப்பித்தேன்: "ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. மழை விடல, வேலை இல்ல. வலிச்சா மறைக்காத, அம்மாகிட்ட சொல்லு. வேற என்ன, அவ்வளவுதான்."

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். "அவரு இவ்ளோ வேகமா பேச மாட்டாருடா."

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். 'வேற என்ன' என்ற பிறகு அவர் வெகுநேரம் சும்மா இருப்பார். தகரக்கூரையில் மழை மட்டும் கேட்கும். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் நினைவில்லை. அத்தான் இருந்த தோட்டத்தின் லயன்வீடுகளை இடித்து, மரங்களைச் சாய்த்து, தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். போய்க் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.