பத்துக்கு மேல்

டயாலிசிஸ் வார்டுக் கட்டிலில் படுத்திருந்தாலும் அவருக்குப் பெயர் டிரைவர்தான். இருபத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் தொலைதூரப் பேருந்து ஓட்டிய மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பத்து மணி நேரப் பாதை. எந்தப் பாலத்தில் பள்ளம், எந்த வளைவில் லாரிக்காரன் வழிவிட மாட்டான் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தப் பாதை போய் முடிகிற ஊரில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார், அவ்வளவுதான் அந்த ஊருக்கும் அவருக்கும் உறவு. வேடிக்கையைப் பாருங்கள், ஒரே மகள் கல்யாணமாகி அதே ஊரில் குடியேறிய வருடம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் டயாலிசிஸ், மெஷின்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்து உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால், நடுவில் கிடைக்கிற ஒரு நாளில் பேரக்குழந்தையை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. தங்க வேண்டுமென்றால் அந்த ஊர் டயாலிசிஸ் மையத்தில் இடம் கிடைக்க வேண்டும். மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததுமே அங்கே போன் போட்டார்.

"ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கணும் சார். ரத்தத்துல பரவுற கிருமி, மெஷின் பக்கம் வந்தா எல்லாருக்கும் ஆபத்து. எதிர்ப்புச் சக்தி பத்துக்கு மேலன்னு ரிப்போர்ட் கொண்டாங்க, ஒரு வாரம் இடம் தர்றோம்" என்றது ஒரு குரல்.

ஊசிதானே, போட்டால் போயிற்று என்று நினைத்தார். இடது கையில் டயாலிசிஸுக்கான ரத்தக்குழாய், அதைத் தொடக்கூடாது. வலது தோளில்தான் போட்டார்கள். முதல் மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், பிறகு ஆறு மாதம் முடிந்ததும் ஒன்று. அதுவும் மற்றவர்களுக்குப் போடுவதைப் போல இரண்டு மடங்கு.

"கிட்னி போன உடம்புக்கு ஊசி சொல்றது லேசுல காதுல விழாது டிரைவர்" என்றார் சிஸ்டர்.

"வீட்லயும் எனக்கு ரெண்டு தடவை சொன்னாதான் விழும்."

பேத்திக்கு மூன்று மாதம் ஆனபோது ரிப்போர்ட் வந்தது. 'நெகட்டிவ்' என்று போட்டிருந்தது. அந்த வார்டில் நெகட்டிவ் என்பதைப் போல இனிப்பான வார்த்தை கிடையாது. கிருமி இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், நெகட்டிவ் என்றால்தான் எல்லோருக்கும் மூச்சு வரும். ஒருத்தருக்குப் பாசிட்டிவ் வந்து, தனி அறைக்கும் தனி மெஷினுக்கும் மாற்றியதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் லேப் வாசலில் செருப்பைக் கூட மாட்டாமல் மகளுக்குப் போன் போட்டார். "கண்ணு, நெகட்டிவ் வந்துருச்சு. அடுத்த வாரம் வர்றேன்." மனைவி அன்றைக்கே பையைக் கட்டிவிட்டாள். மகள் ஜன்னலோரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டாள்.

சிஸ்டர்தான் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இது கிருமி டெஸ்ட் இல்ல டிரைவர். ஊசி புடிச்சிருக்கான்னு பாக்குற டெஸ்ட். இதுல நெகட்டிவ்னா புடிக்கலைன்னு அர்த்தம். பத்து வேணும், உங்களுக்கு மூணுதான் இருக்கு. மறுபடி முதல்லேர்ந்து போடணும்."

மறுபடி நாலு ஊசி என்றால் அரை வருடத்துக்கு மேல். அதை டிரைவரே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். "பரவால்லப்பா" என்றாள் அவள், அழுதுகொண்டேதான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்து மணி நேரம் பஸ்ஸில் வர அவளாலும் முடியவில்லை. கட்டிய பையை மனைவி பிரிக்கவில்லை, அப்படியே அலமாரி மேல் ஏற்றிவிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், வாய் ஓயாது. "உலகமே நெகட்டிவ் குடுன்னு சாமிகிட்ட நிக்குது. இந்த மனுஷன் ஒருத்தர்தான் பாசிட்டிவ் குடுன்னு நிக்கிறார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒலிபரப்பினார். டிரைவர் சிரிப்பார். சாயங்காலம் போனில் பேத்தி முகம் தெரிந்ததும் அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விடும். அவள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பல் முளைத்தது, எல்லாம் ஒரு உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள்ளேயே நடந்தது. அவளைத் தூக்க வேண்டும் என்று அவருக்கு ஏக்கமோ ஏக்கம்.

"எட்டு கிலோ இருக்காளாம். தூக்கலாமா சிஸ்டர்?"

"இடது கையில வெயிட்டே கூடாது. வலது கையில தூக்குங்க."

எட்டாவது ஊசி முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் காகிதத்தோடு வந்தார். "டிரைவர், பாசிட்டிவ். பதினாலு."

டிரைவர் தேம்பித் தேம்பி அழுதார். பாசிட்டிவ் என்றதை மட்டும் கேட்டு, எதிர்க் கட்டிலில் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "மனசைத் தளர விடாதீங்க தம்பி. இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு" என்றார். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இந்த எண் இப்படியே நிக்காது, இறங்கும்" என்றார் சிஸ்டர். "இருக்குறப்பவே போயிட்டு வந்துருங்க."

அவர் ஓட்டிய அதே தடத்தில் பயணியாகப் போனார். பாலத்துப் பள்ளம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. மகள் வீட்டு வாசலில் மனைவியை முந்திக்கொண்டு நுழைந்து, "கண்ணு, தாத்தா வந்துட்டேன்" என்று கையை நீட்டினார்.

குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு திரும்பித் தவழ்ந்து போய், சோபாவில் கிடந்த அம்மாவின் போனை எடுத்து, கறுத்த கண்ணாடியைத் தட்டித் தட்டி, "தாத்தா, தாத்தா" என்றது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போட்டார். கண்ணாடியில் தாத்தா வந்தார். குழந்தை அந்த முகத்தைப் பார்த்தது, இந்த முகத்தைப் பார்த்தது, மறுபடி அந்த முகத்தைப் பார்த்தது. போனைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் வந்தது. எட்டு ஊசி வாங்கிய வலது கையால் அவர் அதை வாரி எடுத்தார்.

"கட் பண்ணிரவாப்பா?" என்றாள் மகள், கீழே கிடந்த போனை எடுத்து.

"பண்ணும்மா" என்றார் டிரைவர். "ஒரு வாரத்துக்கு வேணாம்."